அதிவாகனம்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது பரிமித பரிக்கிரகம், அதாவது பொருள்வரைதல். நிலம், வீடு, பொன், தானியம், கால்நடை, பாத்திரம், ஆடை முதலியவற்றுக்குத் தனித்தனியே ஓர் எல்லை குறித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றில் ஆசை வைக்காதிருத்தலே இவ்விரதத்தின் சுருக்கம். பொன்னூர்மலையில் நான் இதனை ஏற்றபோது எனக்கு வயது முப்பத்தாறு. ஆசிரியப் பயிற்சி பெற்றவளுக்குரிய பழக்கத்தின்படி ஒரு முழுத்தாளில் கோடு கிழித்து, தலைப்பிட்டு, பட்டியல் எழுதினேன். வாகனம் என்னும் தலைப்பின் கீழ் நான் எழுதியது, ‘மிதிவண்டி ஒன்று.’ எண்ணிக்கையை எழுதினேனேயன்றி, அவ்வாகனத்துக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கலாம் என்பதற்கும் எல்லை குறிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவும் இயலாது. மிதிவண்டியின் ஆற்றல் என் கால்களின் ஆற்றலேயன்றி வேறில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த விடுபட்ட எல்லை, மரக்காணத்தில் என் வீட்டு வாயிலில் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

என் தமக்கையின் பேரன் ஜெர்மனியில் பதினோராண்டுகள் பொறியாளனாக இருந்துவிட்டுத் திரும்பியவன். புதுச்சேரியில் குடியிருக்கிறான். தந்தை விட்டுச்சென்ற உப்புக் கிடங்கு மரக்காணத்தில் இருப்பதால், நாள்தோறும் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே முப்பத்தைந்து கி.மீ. அளவு வந்து, கணக்கு பார்த்து, என் வீட்டில் உண்டு, மாலையில் திரும்புகிறான். இந்தச் சிறு பயணத்துக்கு அவன் வாங்கியிருப்பது ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படும் பந்தயவகை வண்டி. அதன் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும், விடுத்தேன். வண்டி பழையது, இரண்டாம் கையாக வாங்கியது என்று அவன் என்னிடம் சொல்லியபோது அதைச் சிக்கனம் என்றே கருதினான். விலையைக் கேட்டபின் நான் அன்று பகல் உணவைச் சற்றுத் தாமதமாகவே உண்டேன்.

அதன் இயந்திரம் 400 குதிரைத்திறன் உடையது. நின்ற நிலையிலிருந்து நான்கு விநாடியில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும். முழுவேகம் 290 கி.மீ. நம் நாட்டுச் சாலை எதிலும் காருக்கு மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் அவனே சொன்னான். குதிரைத்திறன் என்னும் அளவை ஜேம்ஸ் வாட் வகுத்தார் என்று ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் நாள் முழுதும் ஓயாமல் உழைத்தால் அதில் பத்தில் ஒரு பங்களவே தொடர்ந்து தரமுடியும். அப்படியானால், ஒற்றை ஆளைக் கிடங்குக்குக் கொண்டுசெல்லும் அவ்வண்டிக்குள் நாலாயிரம் உப்பளத் தொழிலாளரின் உடல்வலிமை அடைபட்டிருக்கிறது. நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய மாருதி 800 வண்டியின் ஆற்றல் நாற்பது குதிரைக்குச் சற்றே குறைவு. அதிலே நால்வர் குடும்பமும், மூட்டை முடிச்சும், சில வேளை ஒரு ஆட்டுக்கல்லும் சென்றதுண்டு. சமநிலமான சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு காரை ஓட்டிக்கொண்டிருக்க இருபது குதிரைத்திறனே போதும் என்பது அவன் கணக்கு. எஞ்சிய 380 குதிரைகள் தினமும் சும்மா உடன் வருகின்றன.

அவ்வண்டியோடு நாள்தோறும் வாழ்தல் எத்தகையது என்பதை நான் கண்ணால் கண்டு வருகிறேன். முதலில், ஏறுதல். அதில் ஏறுதல் என்று சொல்வதே பிழை. இறங்குதல் என்றுதான் சொல்லவேண்டும். முழங்கால் வலியுள்ள என் போன்றோர் முதலில் திரும்பி நின்று, இருக்கை இருக்கும் என்ற நம்பிக்கையில் பின்புறமாக அமர்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைக்கவேண்டும். வெளியே வருவதற்கு ஒருவர் கை கொடுக்கவேண்டும். வண்டியின் அடிப்பாகம் நிலத்திலிருந்து அரைச்சாண் உயரமே உள்ளது. சாலை விதிகளின்படி வேகத்தடை பத்து செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்கவேண்டும். ஆனால் ஊரார் தாமாகவே கட்டிவைக்கும் மேடுகள் அந்த விதியைப் படித்தவை அல்ல. ஒவ்வொரு மேட்டையும் அவன் வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஆமைபோல் கடக்கிறான். அப்பொழுது பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே தாண்டிச் செல்கிறார்.

பெட்ரோல், நகருக்குள் லிட்டருக்கு ஆறேழு கி.மீ. மட்டுமே தருகிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதால் மாலைதோறும் நன்னீரைப் பீய்ச்சி வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவவேண்டியிருக்கிறது. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. கடலோர ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பது யாவரும் அறிந்ததே. குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்க, நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்று கற்றுக் குடிநீரையும் வடிகட்டிப் பருகிய குலத்தில் பிறந்தவன், உப்பளத்துக்குப் போகாமலே இருந்திருக்கவேண்டிய ஒரு வண்டியை நன்னீரில் குளிப்பாட்டுகிறான்.

இத்தகைய வண்டிகள் முற்காலத்தில் அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியனவாகக் கருதப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, திங்கட்கிழமை பழுதுபார்க்கக் கொடுக்கும் பொருள்கள் அவை. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1963-இல் காட்சிக்கு வைத்த 911 என்னும் வண்டியும், ஜப்பானின் ஹோண்டா 1990-இல் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ். என்னும் வண்டியும் அந்த நிலையை மாற்றின என்பர். பந்தயக்களத்தின் வேகத்தை அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போகும் வண்டியில் வைக்கமுடியும் என்று அவை காட்டின. நம் பக்கத்திலோ வேகத்துக்கென்று தனியிடம் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே சுற்றுப்பாதை அமைந்தது. அங்கே குறுக்கே வருவாரில்லை. பந்தயத்தை நான் போற்றவில்லை. ஆயினும் அந்த வேகத்துக்கு ஒரு வேலி இருந்தது. இன்ன எல்லைக்குள் மட்டுமே இயங்குவேன் என்னும் தேசவிரதத்தின் சாயல் அதில் இருந்தது என்று சொன்னால் அறிஞர்கள் என்னைப் பொறுத்தருளவேண்டும்.

பேரனை நான் கண்டிக்கத் தொடங்கியபோது அவன் கோபப்படவில்லை. மூன்று விடைகள் சொன்னான். மூன்றும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

“சின்னப் பாட்டி, நான் எண்பதைத் தாண்டுவதே இல்லை. வாடகைக் கார்க்காரர்கள்கூட என்னை முந்திப் போகிறார்கள். இருக்கிற வலிமையை நான் பயன்படுத்தாதபோது அதில் என்ன தீங்கு?” என்பது முதலாவது. இது உண்மை. அவன் பொறுமையாகவே ஓட்டுவான். நாய்க்குட்டி ஒன்று சாலையோரம் நின்றால் நிறுத்திவிடுவான்.

இரண்டாவது விடைக்கு அவன் என்னிடமே கற்ற தமிழைப் பயன்படுத்தினான். பண்டை நாளில் உப்பு விற்ற உமணர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லவேண்டியிருந்ததால் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்று குறிக்கிறதல்லவா? அச்சு முறியாத நாளில் அது வெறும் சுமைதானே? லாரியை முந்தும்போது விரைவில் முந்தி முடிக்கக் கூடுதல் வலிமை உதவுகிறது. எனவே என் குதிரைகளும் சேம அச்சே என்றான். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்த மண்ணில் நின்றுகொண்டு உமணரைத் துணைக்கழைத்தது எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆசிரியையாக இருந்தவளின் பலவீனம் அது.

ஆயினும் ஒன்று கேட்டேன். உமணன் ஒரு சேம அச்சுக் கட்டினான், பத்தொன்பது கட்டினானா? முறிவுக்கு அஞ்சி வைப்பதற்கும், வைத்திருக்கிறேன் என்பதற்காக வைப்பதற்கும் இடையில் எங்கோ ஒரு கோடு உண்டு. அக்கோடு எங்கே என்று அவன் கேட்டான். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது விடையே நம்மவர் பலரும் அடிக்கடி சொல்வது. பரிக்கிரகம் என்பது பொருளன்று, பொருளின்மீதுள்ள மயக்கமே என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வரையறுத்திருக்கிறார். ஆகவே பற்றில்லாதவனிடம் எது இருந்தால் என்ன? பரத சக்கரவர்த்தி ஆறு கண்டங்களையும் ஆண்டுகொண்டே, தாமரையிலை நீர்போல் ஒட்டாமல் வாழ்ந்தாரன்றோ? “எனக்கு இந்த வண்டிமேல் மயக்கம் இல்லை, சின்னப் பாட்டி. நாளைக்கே போனாலும் போகட்டும்” என்றான். பரதருடைய பெயரை எத்தனை வீடுகளில், எத்தனை நகைப்பெட்டிகளுக்கு முன்னால் கேட்டிருக்கிறேன்! அவரைப் போல் ஒட்டாமல் வாழ்பவர்கள் மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவில் ஒவ்வொரு வரிசையிலும் ஐவராவது இருப்பார்கள். இது குறும்பு, மன்னிக்க.

அன்றிரவு சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை எடுத்துப் புரட்டினேன். நம் அருங்கலச்செப்பும் அதன் வழிநூலே. பொருள்வரைதல் விரதத்துக்கு நேரும் வழுக்கள் ஐந்தென்று ஆசாரியர் எண்ணுகிறார். மிகுதியாகச் சேர்த்தல், பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தல், பேராசை, மிகுபாரம் ஏற்றுதல் ஆகிய நான்கும் நான் மனப்பாடம் செய்தவை. ஆனால் அவற்றுள் முதலாவதாக நிற்பது அதிவாகனம். இத்தனை ஆண்டும் அந்தச் சொல்லை வாயால் சொல்லிக் கடந்திருக்கிறேன். எருது முதலியவற்றை அவை எளிதாகச் செல்லக்கூடிய தூரத்துக்கு மேல் ஆசை மேலீட்டால் ஓட்டுதல் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். தேவைக்கு மிகுந்த வாகனங்களை வைத்திருத்தல் என்று கொள்வாரும் உண்டு. எருதில்லாத வண்டியில் எதை வருத்துகிறோம் என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தேன்; வண்டிக்கு வலியில்லை. ஆயினும் ஆசாரியர் இவ்வழுவை உயிர்களை வருத்தும் குற்றங்களின் பட்டியலில் வைக்காமல், பற்றின் பட்டியலில் வைத்திருக்கிறார். எருதின் துன்பம் அகிம்சை விரதத்தைச் சார்ந்தது. இங்கே அவர் பார்ப்பது, வண்டியில் அமர்ந்திருப்பவனின் மனத்தை. போதும் என்ற இடத்தில் நில்லாமல் இன்னும் கொஞ்சம் என்று உந்துகிறதே, அதை.

வியத்தலையும் அவர் அதே பட்டியலில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அதாவது, வைத்திருப்பவன் மட்டும் வழுவுவதில்லை. வாய்பிளந்து நோக்குபவனும் வழுவுகிறான். எங்கள் தெருவில் வண்டி நின்றால் பள்ளிப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு படம் எடுக்கிறார்கள். பெரியவர்கள் “பிரமாதம்!” என்கிறார்கள். இச்சொல் நம் வழக்கில் மிகச் சிறப்பு என்று பொருள்படுகிறது. நம் சாத்திரங்களிலோ பிரமாதம் என்றால் கருத்தின்மை, விழிப்பின்மை. கருத்தின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதலே இம்சை என்று வரையறை. ஒரே சொல் இப்படி இரு துருவங்களில் நிற்பதை வகுப்பறையில் எத்தனையோ முறை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். அச்சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமான பொருளை வாசலில் கண்டது இப்பொழுதுதான்.

பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடியைக் கிள்ளுதல், வெறுமனே திரிதல், பிறரைத் திரியவைத்தல் ஆகியவற்றையும் பிரமாதசரியை என்னும் பெயரால் அநர்த்ததண்டத்தில் அடக்குவர். தொழிலுக்காகச் செல்லும் பயணம் இதில் அடங்காது. அது இல்லறத்தானுக்குத் தவிர்க்கமுடியாத ஆரம்பம். பேரன் கிடங்குக்குப் போவது தொழில். ஆனால் அந்தப் பயணத்தில் இருபது குதிரை தொழிலுக்கு, முந்நூற்றெண்பது குதிரை எதற்கு? ஒரே பயணத்தை இவ்வாறு இரண்டாகப் பிரித்தல் தகுமா என்று எனக்கே ஐயம் உண்டு. பட்டுப்புடவைக்கும் அதே கேள்வியைக் கேட்கலாமே! பட்டில் உயிர்க்கொலை இருப்பதால் நம் மகளிர் பலர் அதை விட்டனர்; ஆனால் பருத்தியிலேயே நாற்பது வைத்திருப்பவர்களை நான் அறிவேன். என் பேழையில் பதினெட்டு உள்ளன. எல்லை பதினைந்து.

எங்கள் உப்பளங்களில் அளவு என்பது பேச்சன்று, கண்ணால் காணும் பொருள். கடல்நீரின் அடர்த்தி, மிதவை அளவுகோலில் மூன்று டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட, 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு விளையத் தொடங்கும். இன்னும் வற்றட்டும், இன்னும் கிடைக்கட்டும் என்று விட்டால், 29 டிகிரியைக் கடந்ததும் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும். ஆகவே அந்நிலையில் எஞ்சிய நீரை வடித்து வெளியேற்றிவிடுவார்கள். அந்நீரிலும் உப்பு உண்டு; தெரிந்தே விடுகிறார்கள். இதனைப் பேரனிடம் சொன்னேன். “உப்புக்கு 25, 29 என்று எண் இருக்கிறது. எனக்கு எண் சொல்லுங்கள், சின்னப் பாட்டி” என்றான். மறுபடியும் அதே இடம்.

சென்ற தை மாதம் சென்னையில் ஒரு திருமணத்துக்கு அவனோடு சென்றிருந்தேன். வெளிச்சத்துக்குமுன் உண்பதில்லையாதலால், காலை உணவுக்கு மரக்காணம் சேர்ந்துவிடலாம் என்று நாலரை மணிக்கே புறப்பட்டோம். கடப்பாக்கம் தாண்டியபோது கிழக்கு வெளுத்திருந்தது. சாலையோரம் நீர் நிறைந்த பாத்திகள் வெள்ளித் தட்டுகளாகத் தெரிந்தன. வண்டியின் முன்கண்ணாடியில் பூச்சிகள் மோதி ஒட்டியிருந்தன; நான் அவற்றைப் பாராதிருக்க முயன்றுகொண்டு நவகாரம் சொல்லிவந்தேன். வேகம் எண்பது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கார் ஒலியெழுப்பிக்கொண்டு வந்தது. அதில் இளைஞர் நால்வர். எங்களுக்கு இணையாக வந்து, கண்ணாடியை இறக்கி, ஒருவன் கையை ஆட்டி, “ஓட்டத் தெரியாதா?” என்று கத்தினான். பிறகு முந்திச் சென்று, எங்கள் முன்னே வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்கள்.

என் பேரன் ஒன்றும் பேசவில்லை. கழுத்தோரம் ஒரு நரம்பு அசைந்ததைப் பார்த்தேன். அடுத்த கணம் என் முதுகு இருக்கையோடு அழுந்தியது. இயந்திரத்தின் குரல் மாறியது. அந்தக் கார் பக்கவாட்டில் தோன்றி, பின்னுக்குப் போய், கண்ணாடியில் ஒரு புள்ளியாயிற்று. ஐந்தாறு விநாடிதான். முன்னேயிருந்த எண் 160-ஐக் காட்டியது.

சாலையோரமாக உப்பளத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வைகறையில் வேலை தொடங்குவது இங்கே வழக்கம். சத்தம் கேட்டுத் திரும்பிய ஒருத்தி, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சாலைக்குள் இரண்டடி வைத்தாள். அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நேராகவே நின்றது. அந்தவகையில் அது நல்ல வண்டி. பெண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. தலையிலிருந்த கூடை சரிந்து, தூக்குவாளி உருண்டு, பழைய சோறு தார்ச்சாலையில் கொட்டிற்று. அவன் இறங்கி ஓடிக் கைகூப்பினான். அப்பெண் சோற்றைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். “வண்டி உன்னுது. ரோடும் உன்னுதா?” என்றாள். என்னிடம் படித்தவளாக இருப்பாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகமன்று.

வேகம் இருமடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த சாலையில் மணிக்கு நாற்பதில் சென்றால் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 9 மீட்டர், எண்பதில் 36, நூற்றறுபதில் 144. கண் கண்டு கால் அழுத்துவதற்குள் செல்லும் ஒரு விநாடியைச் சேர்த்தால் இன்னும் 44. நம் முனிவர்களுக்கு ஈரியாசமிதி உண்டு: நான்கு முழ அளவு முன்னே உள்ள நிலத்தை நோக்கி, எறும்பும் மிதிபடாமல் அடியெடுத்து வைத்தல். நான்கு முழம் அவர்களுக்குப் போதும். கண் எட்டும் தூரத்துக்குள் கால் நின்றுவிடும். இந்த வேகத்தில் காண்பதற்கும் நிற்பதற்கும் இடையே ஏறக்குறைய 190 மீட்டர் விழிப்பில்லாத நிலம் கிடக்கிறது. அங்கே யார் வந்தாலும், என் பேரனின் நற்குணம் அவர்களுக்கு உதவாது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் பத்தில் ஏழு பங்குக்கு மேல் மிகுவேகத்தால் மாண்டவர்கள் என்றும் மத்திய அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவ்வேகங்களை ஓட்டியோர் அனைவரும் கொடியவர்களாக இருந்திருக்கமுடியாது. பெரும்பாலோர் சாதாரண வண்டிக்காரர்கள் என்பதையும் சொல்லவேண்டும். குற்றம் விலையுயர்ந்த வண்டிக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்தது அவன் செய்ததற்காக அன்று.

முதுகு இருக்கையில் அழுந்திய அந்த ஐந்தாறு விநாடியில் எனக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் மறைத்தால், மேலே எழுதியதெல்லாம் வீண். எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. அச்சமன்று, மகிழ்ச்சி. எழுபத்தாறு வயதில், வாயில் நவகாரத்தோடு, அந்த நால்வரின் கார் பின்னுக்குப் போனபோது என் நெஞ்சு ‘அப்படிப் போடு’ என்றது. செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என்று வினை மூவழியில் வருமென்று எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்! நான் ஓட்டவில்லை, ஓட்டு என்றும் சொல்லவில்லை. உடன்பட்டேன். அந்தப் பெண் சாலைக்குள் இரண்டடி வைத்தபோது, அவளை நோக்கிச் சென்ற வண்டியில் என் மகிழ்ச்சியும் ஏறியிருந்தது.

பரதருடைய கதையில் நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடும் பகுதி அப்பொழுது நினைவுக்கு வந்தது. தம்பி பாகுபலியோடு அவர் கண்ணாலும், நீரிலும், மல்லிலும் பொருது மூன்றிலும் தோற்றார் என்று ஜினசேனரின் ஆதிபுராணம் கூறும். தோல்வியின் நாணத்தில் அவர் செய்தது என்ன? கையிலிருந்த சக்கரத்தைத் தம்பிமேல் ஏவினார். அதுவரை அவர் அதைத் தம்பிமேல் ஏவ நினைத்தவர் அல்லர். படைகள் மோதவேண்டா, நாமிருவர் மட்டும் பொருதலாம் என்ற ஏற்பாட்டுக்கு இசைந்தவர். ஆனால் சக்கரம் இருந்தது. மானம் என்னும் கஷாயம் எழுந்த அந்தக் கணத்தில் அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. சக்கரம் பாகுபலியை வலம்வந்து நின்றுவிட்டது, அவருடைய புண்ணியம். சக்கரம் இல்லாத ஒருவன் அதே கோபத்தில் என்ன செய்திருப்பான்? பல்லைக் கடித்திருப்பான், நான்கு சொல் சொல்லியிருப்பான். மாருதி 800-இல் அன்று நாங்கள் சென்றிருந்தால் பேரன் அதைத்தான் செய்திருப்பான். கோபம் அதே அளவுதான். அதன் கைக்கு எட்டியது வேறு.

‘பயன்படுத்துவதில்லை’ என்று அவன் சொன்ன முதல் விடைக்கு என்னால் தரமுடிந்த மறுமொழி இதுவே. பயன்படுத்தாத வலிமையை ஆளுவது நாம் அமைதியாக இருக்கும் 364 நாள்களின் மனம் அன்று. கோபம் வந்த ஒரு நாளின் மனம்தான் அதை ஆளும். பற்றில்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால் அந்த நாளில்தான் தேடவேண்டும். இதையும் நான் அவனை நோக்கிச் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு வண்டியும் இல்லாமலேயே, அந்த ஒரு நாளில் நான் தேறவில்லை.

அன்று மரக்காணம் சேர்ந்ததும் அவன் கிடங்குக்குப் போகாமல் என் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் அமர்ந்திருந்தான். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் பேருந்தில் வந்தான். பிறகு வண்டியையே கொண்டுவந்தான். வேகம் எண்பதைத் தாண்டாதபடி அதற்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டை அமைத்துவிட்டதாகச் சொன்னான். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால் அக்கட்டுப்பாடு விலகிவிடும் என்பதையும் அவனே சொன்னான், ஒளிக்கவில்லை. ‘விற்றுவிடு’ என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. வாங்குபவன் இவனைவிடப் பொறுமையுள்ளவனாக இருப்பான் என்பதற்கு உறுதி என்ன? அப்படி விற்பதும் செய்வித்தலில் சேருமா என்று கற்றறிந்தோர் யாரேனும் இவ்விதழுக்கு எழுதினால் நன்றியுடையேன்.

நான் என் பழைய தாளை எடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து, மை பழுத்திருக்கிறது. ‘மிதிவண்டி ஒன்று’ என்பதன் கீழே, பிறர் ஓட்டும் வண்டியில் அமரும்போது முந்திச் செல்வதைக் கண்டு மகிழாதிருத்தல் என்று ஒரு வரி சேர்த்தேன். புடவைகள் மூன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவனும் ஒரு தாள் கேட்டான். கோடு கிழித்துத் தலைப்பிட்டுக் கொடுத்தேன். நிலம், வீடு, பொன் எல்லாம் ஒரே அமர்வில் எழுதிவிட்டான். கணக்கில் அவன் கெட்டிக்காரன். அத்தாள் இப்பொழுது என் மேசையில், கண்ணாடிக்கூட்டின் அடியில் இருக்கிறது. வாகனம் என்னும் தலைப்பின் கீழ் ‘ஒன்று’ என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதி அழித்திருக்கிறான். அழித்த தடம் தெரிகிறது. என்ன எண் என்பது என் கண்ணுக்கு எட்டவில்லை. அவனைக் கேட்கவும் இல்லை.